குடிக்காதவரின் ஈரல்

பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் என்னைப் பற்றி யார் விசாரித்தாலும் அம்மா சொல்லும் பதில் ஒன்றுதான். "ஈரல்ல ஓட்டை பாக்குறான்." கேட்டவர் முகம் உடனே மாறிவிடும். "ஐயையோ, யாரு ஈரல்ல? எம்புட்டுப் பெரிய ஓட்டை?" என்பார்கள். அதற்கு மேல் அம்மாவுக்குத் தெரியாது. "பெரிய படிப்பு, அதெல்லாம் நமக்கு வெளங்காது" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஓட்டை இருப்பதுதான் நல்லது என்று நான் வீட்டில் பலமுறை விளக்கிப் பார்த்திருக்கிறேன். ஈரலுக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவர், உடம்பின் மற்றக் குழாய்களைப் போல அடைத்த சுவர் அல்ல. அந்தச் சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லும் சல்லடை மாதிரி துளைகள் விழுந்தது. ரத்தத்தில் வரும் சத்து, கொழுப்பு, மருந்து எல்லாம் அந்தத் துளைகள் வழியாகத்தான் ஈரலுக்குள் போய்ச் சேர வேண்டும். துளைகள் அடைபட்டால், ரேஷன் கடைக்குள் மூட்டைகள் இருந்தும் ஷட்டர் இறங்கியிருக்கிற கதைதான். வாசலில் கூட்டம் நிற்கும், ஒன்றும் கைக்கு வராது.

அந்தத் துளைகளைப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. தலைமுடி ஒன்றின் அகலத்தை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஏறக்குறைய ஒரு துளை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது. கண்ணாடியை எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் தெரியாது, வெளிச்சமே அவ்வளவு நுணுக்கமானது இல்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஆனால் அதற்குச் செல்லைக் கொன்று, காயவைத்து, உலோகப் பூச்சு பூச வேண்டும். கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மீன் எப்படி நீந்தும் என்று யோசிப்பதுபோல அது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது சூப்பர் ரெசல்யூஷன் மைக்ராஸ்கோப். அது வெளிச்சத்தைப் பட்டைப் பட்டையாகக் கோடு போட்டு அனுப்பும். கொசுவலையை இரண்டாக மடித்துப் பிடித்தால், வலையின் கண்களைவிடப் பெரிய அலைகள் நெளிவது தெரியும் இல்லையா, அதுபோலச் செல்லின் நுண்ணிய துளைகளும் வெளிச்சத்தின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பெரிய அலைகளாகத் தெரியும். கோடுகளைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்து, அந்த அலைகளிலிருந்து துளைகளைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு மீட்டுக் கொடுக்கும். செல் உயிரோடு, ஈரத்தோடு இருக்கும்போதே பார்க்கலாம்.

அக்காவின் கணவர் மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். எனக்கு மச்சான். அவருக்கு நான் "மாப்ள". வாட்டசாட்டமான ஆள், வாய் நிறையச் சிரிப்பு, எதைச் சாப்பிட்டாலும் ரசித்துச் சாப்பிடுவார். டீக்கடையில் அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர் டம்ளரில் இன்னொரு கரண்டி சீனி போட்டுவிடுவார். லாரி நிற்கிற இடத்தில் எல்லாம் பஜ்ஜி, பரோட்டா, கலர் பாட்டில். குடிமட்டும் கிடையாது. கல்யாண வீடுகளில் மற்றவர்கள் விழுந்து கிடக்கும்போது அவர்களையெல்லாம் அள்ளி வேனில் போட்டு வீடு சேர்ப்பது அவர்தான். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "வேல இருக்கோ இல்லையோ, குடிக்காதவனா இருக்கணும்."

காரணம் அப்பா. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் குடித்தே செத்தார். அம்மா கூலி வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால் அவரைக் கிடையில் வைத்துப் பார்த்தது அக்காதான். கண் மஞ்சளாவது, கால் வீங்குவது, வயிறு பானைபோல உப்புவது, கடைசியில் புத்தி தடுமாறிப் பகலா இரவா என்று தெரியாமல் பேசுவது, எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவளுடைய படிப்பு அதோடு நின்றது. அதனால்தான் நான் ஈரலைப் பற்றிப் படிக்க வந்தேன் என்று கூடத்தில் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எனக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்த கூடம் இதுதான்.

போன கோடையில் மச்சானின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. லாரியில் உட்கார்ந்தே இருப்பதால் நீர் கட்டியிருக்கிறது என்றார். வயிறு பெருத்தது. "ஒங்கக்கா சமையல் மாப்ள" என்று தட்டிக்காட்டிச் சிரித்தார். ஒரு நாள் குவாரிக்குப் போகும் வழியில் பைக்கோடு விழுந்தார். தூக்கி வந்தவர்கள் அக்காவிடம், "மப்புல விழுந்துட்டாப்லங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். கண் மஞ்சளாக இருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. அப்பாவின் முகம் அப்படியே அங்கே இருந்தது. மறுநாள் அவர் தெளிந்து எழுந்து, தண்ணீர் கேட்டபோது, அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

"இன்னொரு தடவ என்னால முடியாது" என்றாள் என்னிடம் போனில். "அப்பனுக்குப் பாத்தேன். புருசனுக்கும் அதே வேலைய பாக்க நான் என்ன பாவம் பண்ணேன்?"

"மச்சான் குடிக்கிறாருன்னு யாருக்கா பாத்தா?"

"பாக்கணுமா? எனக்குத் தெரியாதாடா அந்த மூஞ்சி?"

குடிக்காமலும் ஈரல் கெடும் என்று தினமும் படிக்கிறவன்தான் நான். ஆனாலும், லாரி ஓட்டுகிற மனிதர், ஊர் ஊராகப் போகிறவர், ஒருவேளை, என்று எனக்குள்ளும் ஒரு குரல் ஓடத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேச்சு வைத்தார்கள். எங்கள் தாய்மாமாதான் முன்னால் நின்றார். மச்சான் மேலூரிலிருந்து யாரோ நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். தோள் இளைத்து, வயிறு பெருத்து இருந்தார். அவருடைய மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அக்கா கதவோரம் நின்றாள், வெளியே வரவில்லை.

மாமா சூடம் வாங்கி வைத்திருந்தார். எங்கள் பக்கம் ஒருவர்மேல் சந்தேகம் வந்தால், கருப்பசாமி கோயிலில் சூடத்தைக் கொளுத்தி, சத்தியம் சொல்லி அதைக் கையால் அடித்து அணைக்கச் சொல்வார்கள். பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் தழைக்காது என்று நம்பிக்கை. அணைத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது.

"கோவிச்சுக்காதீக மாப்பிள்ள" என்றார் மாமா. "நமக்குள்ள என்ன இருக்கு? கோயிலுக்கு ஒரு எட்டு போவோம். குடிக்கலன்னு சொல்லி அணைச்சுட்டீகன்னா பிள்ளைய இன்னைக்கே ஒங்ககூட அனுப்பி விட்டுர்றோம்."

"அணைக்க மாட்டேன் மாமா."

"ஏன்யா?"

"மாட்டேன்னா மாட்டேன்."

கதவோரத்திலிருந்து அக்கா, "கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்?" என்றாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் மகளின் தலையைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்திருந்தார். அணைக்க மாட்டேன் என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான்.

பிறகு மாமா தொடையைத் தட்டினார். "அட, நாம எதுக்குத் தலையப் பிச்சுக்கிறோம்? நம்ம பய எதுக்கு இருக்கான்? ஈரலத்தான பாக்குறான்? மிசின்ல வச்சுப் பாத்துச் சொல்லட்டும், குடிச்ச ஈரலா குடிக்காத ஈரலான்னு."

நான் பதறிப்போனேன். "மாமா, அந்த மிசின்ல ஆள வச்சுப் பாக்க முடியாது. நாங்க பாக்குறது எலியோட செல்லு."

"எலி ஈரலே தெரியுற மிசினுக்கு இம்புட்டுப் பெரிய மனுசன் ஈரல் தெரியாதா? என்னடா பேசுற?"

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று வந்த முதல் சிரிப்பு அது. மச்சானும் நிமிர்ந்தார்.

"அதுக்கு வாரேன் மாமா. மிசினுக்கு வாரேன். மாப்ள, என்னைக்கு வரட்டும்?"

"மச்சான், நான் சொல்றது..."

"எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்" என்றாள் அக்கா. அவள் வெளியே வந்துவிட்டிருந்தாள். "அவன் என்ன சொல்றானோ அதக் கேட்டுக்கிறேன்."

அதற்கு மேல் நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சூடம் பிரிக்கப்படாமல் மாமாவின் சட்டைப்பையில் கிடந்தது. அதன் இடத்தில் நானும் என் மைக்ராஸ்கோப்பும் நின்றோம்.

பஸ் ஏற்றிவிட வந்த மாமா தோளில் கை போட்டார். "மருமகனே, பாக்க முடியாதுன்னா என்ன, ரெண்டு நாள் கழிச்சுப் போனைப் போடு. 'பாத்துட்டேன், ஈரல் சுத்தமா இருக்கு'ன்னு ஒரு வார்த்த. குடும்பம் சேந்துக்கிரும். ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

திருமங்கலம் வரும்வரை அந்த வார்த்தையை நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். ஆனால் சுத்தம் என்று சொன்ன ஈரலோடு அந்த மனிதர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவாரா, லாரி ஏறுவாரா?

புதன்கிழமை காலை எங்கள் கூடத்தின் வாசலில் மச்சான் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. "வெறும் வயித்தோட வந்துருக்கேன் மாப்ள. பச்சத்தண்ணி கூடக் குடிக்கல. ரத்தம் எடுக்குறப்ப அப்படித்தான சொல்லுவாக?"

அன்று பார்த்து எனக்குச் செல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. இந்தச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. ஈரலை விட்டு வெளியே எடுத்த நேரத்திலிருந்து துளைகள் கொஞ்சம் கொஞ்சமாக மறைய ஆரம்பிக்கும். எவ்வளவு நல்ல சத்துத் தண்ணீரில் வைத்தாலும் சரி, தன் இடத்தில் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடும் போல. ஆகவே காலையில் பிரித்த செல்லை அன்றைக்கே பார்த்தாக வேண்டும். கூட வேலை செய்யும் அண்ணனிடம் நிலைமையைச் சொன்னேன். "போடா, மச்சான் முக்கியமா செல்லு முக்கியமா? நான் பாத்துக்கிறேன்" என்று பிப்பெட்டை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

கேன்டீன் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்து மச்சானுக்கு உண்மையைச் சொன்னேன். அந்த மெஷினின் அடியில் வைப்பது நகத்தளவு கண்ணாடித் துண்டு. அதில் மனிதர் ஏற முடியாது. ஏறினாலும் குடித்தாரா இல்லையா என்று அது சொல்லாது.

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார். "அப்ப எதுவுமே சொல்லாதா?"

"சொல்லாது மச்சான்."

"நான் இதத்தான நம்பிக்கிட்டிருந்தேன்."

மாமா சொன்ன வழியை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். வேண்டுமானால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அதற்கு முன் அவர் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பொய் சொல்லியா மாப்ள நான் யோக்கியன்னு ஆகணும்? நான் யோக்கியன்தாண்டா."

"அப்ப ஏன் மச்சான் சூடம் அணைக்கல? அணைச்சுருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

"கருப்பு நம்பிரும். அதுக்கு என்னையத் தெரியும். ஒங்கக்காவுக்குத்தான தெரியல? எம்புட்டு வருசம் ஒரே பாயில படுத்து எந்திரிக்கிறோம். எவனோ ரோட்டுல போறவன் மப்புன்னு சொன்னான், பையத் தூக்கிட்டுப் போயிட்டா. நான் சூடம் அணைச்சு, அதுக்குப் பயந்து அவ வந்து சோறு போட்டா அந்தச் சோறு எறங்குமா எனக்கு?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மஞ்சள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வெறும் வயிற்றோடு வந்ததுதான் வந்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாருங்கள் என்று எழுப்பினேன். "எதுக்கு, அங்கயும் கேவலப்படவா?" என்றார். "நான் கூட வாரேன்" என்றேன். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் என்று பிறகுதான் புரிந்தது. இத்தனை நாளும் தனியாகப் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பார்த்த டாக்டர் என் வயதை ஒட்டிய பெண். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. எத்தனை வருடமாக இருந்திருக்கிறதோ, யாரும் பார்த்ததில்லை. ஈரலில் கொழுப்பு படிந்து, படிந்து, அது தழும்பாக இறுகியிருந்தது. அன்று பைக்கில் விழுந்ததும் பேச்சு குழறியதும் அதனால்தான், கெட்டுப்போன ஈரல் வடிகட்டாமல் விட்ட கழிவு மூளைக்கு ஏறியது என்றார். வயிற்று நீரை இறக்க வேண்டும், வார்டில் சேருங்கள், வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார். முழுசாகச் சரியாகுமா என்று நான் தனியே கேட்டேன். இறுகியது திரும்பாது, இதற்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்தலாம், ஆனால் சாப்பாடும் மாத்திரையும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, புத்தி தடுமாறினால் உடனே கண்டுபிடிக்க வீட்டில் ஒருவர் கண்ணை அவர்மேலேயே வைத்திருக்க வேண்டும் என்றார்.

அந்த ஒருவர் பேரையூர்ப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தாள்.

இரண்டு நாள் நான் துணைக்கு இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "அவுக வந்தாகளா? பாத்தியா? என்ன தெரிஞ்சது?"

"நீ வாக்கா. வந்து நீயே பாரு."

"என்னத்தப் பாக்க?"

"வா. நான் பொய் சொல்ல மாட்டேன்னு நீதான சொன்ன?"

மதியத்துக்குள் வந்துவிட்டாள். கூடத்துக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். போட்டுக்கொள்ளலாம் என்றாலும் கேட்கவில்லை. மைக்ராஸ்கோப் அறை இருட்டாக இருக்கும். மேஜை காற்றின்மேல் மிதக்கும்படி அமைத்தது, கதவை ஓங்கிச் சாத்தினாலும் படம் கலங்கிவிடும். "மேஜை மேல கை வைக்காதக்கா" என்றதும் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கூட வேலை செய்யும் அண்ணன் மரியாதையாக எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார்.

அன்று காலையில் பிரித்த செல் திரையில் வந்தது. மெல்ல விரிந்த செல்லின் ஓரம் முழுக்கத் துளைகள், கொத்துக் கொத்தாக.

"ஆப்பம் மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா.

அண்ணன் சிரித்துவிட்டார். நாங்கள் இத்தனை காலம் சல்லடை, சல்லடை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம், அது ஆப்பம்தான்.

"இதுதான் நல்ல ஈரல்" என்றேன். பிறகு அடுத்த கண்ணாடியை மாற்றினேன். கொழுப்பும் சர்க்கரையும் கூட்டிய தீனி கொடுத்து வளர்த்த எலியினுடையது. அதுவும் அன்றைக்கே பிரித்ததுதான். திரையில் செல் மூடிக் கிடந்தது. ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துளைகள்.

அக்கா முன்னால் குனிந்து பார்த்தாள். "இதென்ன, கல்லு காயாம ஊத்துன மாதிரி?"

"இது கெட்டுப்போக ஆரம்பிச்ச ஈரல்."

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, விளையாட்டாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்: "இந்த எலி குடிச்சுச்சா?"

"இல்லக்கா. ஒரு சொட்டு கிடையாது. தின்ன தீனிதான்."

"பாவம்" என்றாள் எலியை. அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "சரி, அவுகளது எங்க? அதக் காட்டு."

"அவரோடது இல்லக்கா. இதுல மனுசன பாக்க முடியாது. ஞாயித்துக்கிழமையே சொன்னேன், யாரும் கேக்கல."

"அப்ப அவுக குடிக்கலன்னு இது சொல்லாதா?"

"சொல்லாது. குடிக்காமலும் ஈரல் இப்படி ஆகும்னு மட்டும்தான் சொல்லும். ஆஸ்பத்திரியில சர்க்கரை எகிறிக் கெடக்குன்னு சொன்னாக. டாக்டரம்மா அதனாலதான் இதுன்னு சொல்றாக. ஆனா அவரு ஒரு நாளும் குடிச்சதில்லன்னு எந்த மிசினும் சத்தியம் பண்ணாது."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதச் சொல்லவா என்னைய பஸ் ஏற வச்ச? ரெண்டு பஸ் மாறி, நின்டுக்கிட்டே வந்தேன்டா. இம்புட்டுப் படிச்சு, இம்புட்டுப் பெரிய மிசின வச்சுக்கிட்டு, நீயும் தெரியாதுங்குற. அப்ப நான் யாரப் போய்க் கேக்குறது?"

என்னிடம் மீதி இருந்தது அவர் கேன்டீன் பெஞ்சில் சொன்னது மட்டும்தான். அதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். எவனோ ரோட்டில் போகிறவன் சொன்னான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்றதையும், அந்தச் சோறு இறங்குமா என்றதையும் விடாமல்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முகத்தில் வெளிச்சம் பச்சையாக விழுந்திருந்தது. "அந்தாளுக்கு வாய் மட்டும் கொறச்சல் இல்ல" என்றாள் கடைசியில். மூக்கை உறிஞ்சினாள். "இப்ப எங்க கெடக்காக?"

"வார்டுல. தனியாத்தான் இருக்காரு."

"சாப்புட்டாகளா?"

"உப்பு சேக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. ஆஸ்பத்திரிச் சாப்பாட்ட தொட மாட்டேங்குறாரு."

"உப்பில்லாம அவுக எப்படித் திம்பாக?" என்று எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் மேஜையில் இடித்தாள், படம் முழுக்கக் கலங்கியது. "ஐயோ" என்று கையை உதறினாள். அண்ணன், "பரவால்லங்கக்கா, போயிட்டு வாங்க" என்றார்.

வார்டில் மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதல் முறை நீர் இறக்கியிருந்ததில் வயிறு கொஞ்சம் தணிந்திருந்தது. அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கூப்பிடவில்லை. வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆள் நிற்கிற நிழல் பட்டு அவரே திரும்பினார். எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க" என்றாள்.

"மிசின்ல பாத்தியா?"

"எலியத்தான் பாத்தேன்."

"என்ன சொல்லுச்சு?"

"அது என்னத்தச் சொல்லும், வாயில்லாச் சீவன்." பக்கத்தில் மூடியபடி இருந்த சாப்பாட்டுத் தட்டைத் திறந்து பார்த்தாள். "இதத் தொடவே இல்லையாக்கும். டேய், கீழ எலுமிச்சம்பழம் கெடைக்குமா பாரு. உப்பில்லன்னா புளிப்பாச்சும் வேணும்ல. டாக்டரக் கேட்டுட்டு வாங்கு."

நான் கேட்கப் புறப்படும்போது மதிய ஷிப்டுக்கு வந்த நர்ஸ் கட்டிலுக்கு வந்தார். புது ஆள் என்பதால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்டார். வயது, ஊர், சர்க்கரை எவ்வளவு நாளாக. மச்சான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

மச்சான் வாயைத் திறக்கவில்லை. கூரையைப் பார்த்தார். அன்று சூடத்தின் முன்னால் இருந்த அதே பிடிவாதம் அந்த முகத்தில் வந்துவிட்டது. நான் போகாமல் அங்கேயே நின்றேன்.

"நீங்க யாரும்மா, வீட்டுக்காரவங்களா? குடிப்பாரா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றாள் அக்கா.

நர்ஸ் அவசரத்தில் இருந்தார். "தெரிஞ்சு தெரியாம எல்லாம் வேணாம்மா. உண்டா, இல்லையா?"

அக்கா எலுமிச்சம்பழத்துக்குக் காசு எடுக்க அவிழ்த்த முந்தானை முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் கூரையைத்தான் பார்த்திருந்தார், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது போர்வைக்கு மேலேயே தெரிந்தது.

"இல்ல" என்றாள். "எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு."

நர்ஸ் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி தட்டிலிருந்த சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். "எந்திரிங்க, ஆறிப் போகுது" என்றாள்.